சொல்லிவிட்டு நடக்கும் வீடு

வாருங்கள் தம்பி, உள்ளே வாருங்கள். செருப்பு அங்கேயே கிடக்கட்டும், யாரும் எடுத்துவிட மாட்டார்கள். எடுப்பதற்கு இந்த வீட்டில் ஆள் வேண்டுமே. பால்கடை ராயப்பன் அனுப்பின ஆள்தானே, மாடியைப் பார்க்க? சொன்னான். துறைமுகத்தில் வேலை, மனைவி அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறாள் என்றெல்லாம் சொன்னான். நல்லது. உட்காருங்கள்.

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். மேசைமேல் மட்டும் கையை ஊன்றிவிடாதீர்கள். அதில் ரசமட்டம் வைத்திருக்கிறேன், பாருங்கள். கொத்தனார்கள் தளம் போடும்போது வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். நடுவில் குமிழ் இருக்கிறதா? இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டியது. இப்போது கொஞ்சம் கொல்லைப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதாவது வீட்டின் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. குமிழ் எப்போதும் உயர்ந்த பக்கம்தான் போகும்.

சிரிக்கலாம், தப்பில்லை. மேஸ்திரி அருளானந்தமும் சிரித்தான். "வேய், வீடு சாயல வேய், உம்ம மேசைக்கு ஒரு கால் குட்டை" என்றான். நாற்பது வருஷம் வீடு கட்டினவன். வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு இடம் சாய்வது எப்படி என்று எனக்குத் தெரியும். நான் தண்ணீருக்கு அடியில் குடியிருந்தவன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வாடகையெல்லாம் என் மகள் ஜெனோவா பேசுவாள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் ஒரே பிடியாக நிற்கிறாள். மாதா திருவிழாவுக்குள் மாடிக்கு ஆள் வந்தால் நான் இங்கே இருக்கலாம். வராவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவளோடு போய்விட வேண்டும். "தனியா விழுந்து கிடந்தா யாருப்பா பாக்குறது?" என்கிறாள். அவள் வீடு பதினோராவது மாடியில். காற்று அடித்தால் அந்தக் கட்டடம் ஆடுகிறது. அவள் இல்லை என்கிறாள். ஆடுகிறது. நான் அங்கே படுத்துப் பார்த்தவன்.

திருவிழாவுக்குக் கொடி ஏற்ற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதனால் உங்களிடம் எதையும் மறைக்கப்போவதில்லை. இதற்கு முன் மாடிக்கு வந்தவர்கள் யாரும் தங்கவில்லை. தண்ணீர் நன்றாக வரும், கடல்காற்று வரும், கரண்டுக்குத் தனி மீட்டர். ஆனாலும் தங்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் இடம் மாறும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற வேண்டும். மேலே போவதாக இருந்தால் "மேலே போறேன்". மொட்டைமாடிக்குப் போவதாக இருந்தால் "மொட்டைமாடிக்குப் போறேன்". அவ்வளவுதான். இது ஒரு கஷ்டமா?

ஏன் கேட்கிறேன் என்று தெரியாமல் கேட்டால் கிறுக்கு மாதிரிதான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் கப்பல் சமையல்காரன். வாலிபத்திலிருந்தே சரக்குக் கப்பல்தான். அதில் சமைப்பது எப்படி என்றால், ஒரு கை சட்டியைப் பிடிக்கும், ஒரு கை கம்பியைப் பிடிக்கும். தட்டு வழுக்காமலிருக்க மேசைவிரிப்பை நனைத்துப் போடுவோம். கொதிக்கிற சாம்பார் எந்த நேரம் மடியில் விழும் என்று சொல்ல முடியாது. இதோ, இந்த முழங்கைத் தழும்பு பிஸ்கே வளைகுடாவில் வாங்கியது. பெர்பெத்து, என் மனைவி, லீவில் வரும்போதெல்லாம் தழும்பை எண்ணுவாள். "கடலம்மை உங்கள சூடு போட்டுல்லா அனுப்புறா" என்பாள்.

கடைசியாகப் போனதுதான் அந்தப் படகு. படகு என்று சொல்வதா, வீடு என்று சொல்வதா? நீர்மூழ்கி. பட்டாளத்து நீர்மூழ்கி இல்லை. ஒரு பணக்காரர் தனக்கென்று கட்டிக்கொண்டது. இப்படியும் செய்வார்களா என்று கேட்காதீர்கள், செய்வார்கள். உள்ளே கம்பளம், புத்தக அலமாரி, தேக்குக் கட்டில், முன்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அந்த ஜன்னலில் மீன்கள் வந்து நம்மை வேடிக்கை பார்க்கும். நாம் தொட்டிக்குள், அவை வெளியே.

முதலாளி குளிர்நாட்டுக்காரர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் அதைக் கட்டியதே மனைவிக்காகத்தான். அந்த அம்மாவுக்குக் காதில் ஏதோ கோளாறு, தலை சுற்றும். நடந்தால் சுற்றும், கார் திரும்பினால் சுற்றும், மேசையில் காபி அலம்பினால்கூட அதைப் பார்த்துச் சுற்றும். கடலென்றால் முதலாளிக்கு உயிர். மனைவியை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், அலையெல்லாம் மேலேதான், கீழே போய்விட்டால் ஆட்டமே கிடையாது என்று. உடனே கட்டிவிட்டார்.

உண்மைதான் தம்பி. மேலே மிதக்கிறபோது அதைப்போல மோசமான படகு கிடையாது. உருண்டை உடம்பு, பூசணிக்காய் மாதிரி உருளும். ஆனால் மூடியைச் சாத்தி, தண்ணீரை உள்ளே வாங்கி, மெல்லக் கீழே இறங்கினால் ஆட்டம் குறைந்துகொண்டே வரும். பிறகு நின்றுவிடும். ஒரேயடியாக நின்றுவிடும். மேலே புயலே அடிக்கட்டும், கீழே டம்ளரில் விளிம்பு தட்டப் பால் ஊற்றி வைக்கலாம், ஒரு சொட்டு சிந்தாது. முதல் நாள் நான் அப்படித்தான் ஊற்றி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷம் ஆடிய உடம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குறைகளும் உண்டு, சொல்லிவிட வேண்டும். தாளிக்கக் கூடாது. காற்று உள்ளேயே சுற்றுவதால், வெங்காயம் வதக்கினால் மறுநாள் தலையணையில் மணக்கும். ஒரு தடவை ஆசை தாங்காமல் ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு சுட்டேன். முதலாளியின் புத்தகங்களைத் திறந்தால் கருவாடு. சட்டையில் கருவாடு. அவர் படகை மேலே ஏற்றச் சொல்லி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் மட்டும் சமையலறைக்கு வந்து, "மிச்சம் இருக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கேப்டன் பெயர் ஸ்டாவ்ரோஸ். கிரேக்கர், அந்த ஊர்க் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார், எதிரே ஒரு குமிழ். இதே மாதிரிதான், கொஞ்சம் பெரியது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர்தான் அந்தச் சட்டத்தைச் சொன்னார். "கஸ்பார், தண்ணீருக்குள் நிற்கிற படகு தராசு மாதிரி. நீ சமையலறையிலிருந்து முன்பக்கம் போனால் உன் எடையும் முன்பக்கம் போகிறது. மூக்கு இறங்கும். நான் முன்தொட்டியிலிருந்து பின்தொட்டிக்குத் தண்ணீரை மாற்றிச் சரிக்கட்ட வேண்டும். அதனால் யாரும் சொல்லாமல் நடக்கக் கூடாது. முதலாளியும் கூடாது."

யாரும் சொல்லாமல் நடக்கவில்லை. "முன்பக்கம் போகிறேன்." "பின்பக்கம் போகிறேன்." அந்தப் படகில் நாள் முழுக்க அதுதான் பேச்சு. ஒவ்வொரு தடவையும் கேப்டன் பதில் சொல்வார், அவர் பாஷையில். "எண்டாக்சி." சரி என்று அர்த்தம். எனக்கு முதலில் இங்கிலீஷில் சொல்லத்தான் வந்தது. பிறகு அவசரத்தில் தமிழே வந்துவிடும். கையில் தட்டோடு பின்பக்கம் போகும்போது, எங்கள் ஊர்ப் பேச்சில் "பெறத்தால போறேன்" என்பேன். அவருக்கு என்ன புரிந்ததோ, "எண்டாக்சி, கஸ்பார்." கழிப்பறைக்குப் போனாலும் எண்டாக்சி. திரும்பி வந்தாலும் எண்டாக்சி.

இதில் ஒரு சுகம் இருக்கிறது தம்பி. பட்டால்தான் தெரியும். நீங்கள் ஒரு எட்டு வைத்தால், வைத்தீர்கள் என்று ஒருத்தருக்குத் தெரிகிறது. உங்கள் எடைக்குத் தகுந்த மாதிரி ஒருத்தர் எங்கோ தண்ணீரை மாற்றுகிறார். சரக்குக் கப்பலில் நான் கடலில் விழுந்திருந்தால் மறுநாள் காபி வராதபோதுதான் தேடியிருப்பார்கள்.

அந்த ஒரு பருவம், வசந்தம் தொடங்கிக் குளிர் வருகிற வரைக்கும், கிரேக்கத் தீவுகளுக்கு நடுவே இருந்தோம். மேடத்துக்குத் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. முன்பக்கத்து ஜன்னல் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதலாளிக்குப் பின்பக்கத்தில் படிப்பறை. சாப்பிட மட்டும் நடுவில் சந்திப்பார்கள். சாப்பிட்டதும் "முன்பக்கம் போகிறேன்", "பின்பக்கம் போகிறேன்". கேப்டன் இரண்டு எண்டாக்சி சொல்வார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவ்வளவு அமைதியான புருஷன் பெண்டாட்டியை நான் பார்த்ததில்லை. கடிதம் எழுதும்போது பெர்பெத்துவுக்கும் இதை எழுதினேன்.

பிறகு அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ, சொல்லாமல் நடக்க ஆரம்பித்தார்.

சும்மா எழுந்து முன்னாலிருந்து பின்னால் வருவார். முதலாளியின் கதவு வரைக்கும் வந்து நிற்பார், தட்டமாட்டார், திரும்பிப் போவார். வாயைத் திறக்கமாட்டார். படகு லேசாகத் தலை தூக்கும். கேப்டன் உள்ளிருந்து "யார்? யார் நடக்கிறது?" என்று கத்துவார். பதில் வராது. அவர் பாஷையில் யாரையோ திட்டிக்கொண்டே தண்ணீரை மாற்றுவார். படிப்பறைக்குள் இருப்பவர் தலை நிமிர்த்துவதில்லை. அவருக்கு அந்தச் சாய்மானம் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

தினமும் இது நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் டீ கொண்டு போனபோது, "மேடம், சொல்லிவிட்டு நடந்தால் நல்லது" என்றேன்.

"நான் யாருக்குச் சொல்ல வேண்டும், கஸ்பார்?"

"கேப்டனுக்கு, மேடம்."

"சொல்லும்போதெல்லாம் அவர் பதில் சொன்னார்."

"ஆமாம் மேடம். தவறாமல் சொன்னாரே."

"அவர் மட்டும்தான் சொன்னார்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதில் சொல்வது கேப்டனுடைய வேலை. வேறு யார் சொல்வார்கள்? வசதி கூடிப்போனால் மனிதர்களுக்கு இப்படித்தான், இல்லாத குறையைத் தேடி எடுப்பார்கள். அந்த இருப்புக்கு என்ன குறை? கொசு இல்லை, புழுக்கம் இல்லை, ஆட்டம் இல்லை, அக்கம்பக்கத்து வம்பு இல்லை. பெர்பெத்துவை ஒரு வாரம் அங்கே உட்கார வைத்திருந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள்.

ஒரு தீவுக்குப் பக்கத்தில் காய்கறி வாங்க மேலே வந்தோம். நல்ல அலை. கரையிலிருந்து விசைப்படகு வந்து பக்கத்தில் நின்று துள்ளுகிறது. தக்காளிக் கூடையைக் கை மாற்றிக்கொண்டிருக்கிறேன், மேடம் கையில் சின்னப் பையோடு ஏணியில் ஏறி வந்தார். என்னைத் தாண்டி அந்த விசைப்படகில் இறங்கினார். காபி அலம்பினால் தாங்காத அம்மா! படகு தூக்கிப் போடுகிறது, பக்கச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார் பாருங்கள், முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நோயாளி முகமே இல்லை.

"மேடம், எங்கே?" என்று கேட்டேன்.

"முன்பக்கம் போகிறேன், கஸ்பார்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தக்காளியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். நான் இறங்குகிற வரைக்கும் மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி. எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அது என் வேலையில்லையே.

அவர் திரும்பி வரவில்லை.

இனிமேல்தான் அந்தப் படகின் பெருமை. அன்று சாயங்காலம் கேப்டன், மேடத்தின் எடைக்கு ஈடாக முன்தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். கீழே இறங்கினோம். குமிழ் நடுவில் நின்றது. ஒரு இழை விலகவில்லை. ஒரு ஆள் குறைந்த அடையாளமே இல்லை. எப்பேர்ப்பட்ட ஏற்பாடு, பாருங்கள்!

 சில நாள் கழித்து முதலாளி நடு அறைக்கு வந்து, "அந்தத் தண்ணீரை எடுத்துவிடுங்கள்" என்றார்.

"எடுத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும்" என்றார் கேப்டன்.

"தூக்கட்டும்."

"முடியாது. அது பாதுகாப்பில்லை."

முதலாளி நின்றுகொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய பணக்காரர், தன் படகில் தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சாய்மானம் வாங்க முடியவில்லை. அப்புறம் படிப்பறையை விட்டுவிட்டு முன்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார ஆரம்பித்தார். போகும்போதும் வரும்போதும் சத்தமாகச் சொல்வார், முன்பெல்லாம் வாய்க்குள் முனகுவார். "முன்பக்கம் போகிறேன்." கேப்டன் எண்டாக்சி சொன்ன பிறகும் கொஞ்சம் நிற்பார். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். குளிர் தொடங்கியதும் படகை விற்றுவிட்டார். நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? இருங்கள், எடுத்து வருகிறேன். அடுக்களைக்குப் போறேன்.

இந்தாருங்கள். இப்போது சொன்னேன் பார்த்தீர்களா, யோசிக்காமல் வந்துவிடுகிறது. ஊருக்கு வந்த முதல் நாளே இப்படித்தான். எழுந்து "கொல்லைக்குப் போறேன்" என்றேன். பெர்பெத்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். "போறதுக்கு என்ன, தேரா இழுக்கணும்? போங்க" என்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னேன். கேப்டனைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் "எண்டாக்சி". கடைக்குப் போறேன் என்றால் "எண்டாக்சி, அப்படியே புளி வாங்கியாங்க". தெருவில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. மீன்காரி கூட அவளிடம், "யக்கா, ஒன் எண்டாக்சி எங்க?" என்று என்னைப் பற்றித்தான் கேட்பாள்.

ஆரம்பத்தில் அவளும் சொல்வாள். "கோயிலுக்குப் போறேன்." "மாடிக்குத் துணி காயப்போடப் போறேன்." நான் பேப்பரில் இருப்பேன். காதில் விழும். விழுந்தால் சரிதானே? கொஞ்ச நாளில் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். பதில் மட்டும் சொல்வாள். பெண்களுக்கு ஒரு ஒழுங்கை விடாமல் கடைப்பிடிப்பது கஷ்டம். நான் விடவில்லை. அந்த ரசமட்டத்தை வாங்கி வைத்தது அப்போதுதான். குமிழ் நடுவில்தான் நின்றது தம்பி. மேசைக்கால் குட்டை என்கிறான் அருளானந்தம். அப்போதும் இதே மேசை, இதே கால்.

பிறகு அவள் போய்விட்டாள். ஒரு காலை நேரம், காபி போட்டுக் கொடுத்தாள். "குளிக்கப் போறேன்" என்றேன். "எண்டாக்சி." குளித்துவிட்டு "வந்துட்டேன்" என்றேன். பதில் இல்லை. "பெர்பெத்து, வந்துட்டேன்" என்றேன். பின்னறையில் கட்டிலில் படுத்திருந்தாள். தூங்குகிற மாதிரி, தலைக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு.

எனக்கு அவள்மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். அடுக்களையிலிருந்து பின்னறைக்குப் போயிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பெறத்தால போறேன்" என்று சொல்லியிருந்தால் நான் குளியலறையிலிருந்து கேட்டிருப்பேன். இதை ஜெனோவாவிடம் சொன்னேன். அடக்கத்துக்கு வந்தவள், அழுதுகொண்டிருந்தவள், அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க கப்பல்ல இருந்த அத்தனை வருஷமும் அம்மா யாருகிட்டப்பா சொல்லிட்டு நடந்தா?" என்று கேட்டாள். துக்கத்தில் என்னென்னவோ பேசுவார்கள், நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கப்புறம்தான் குமிழ் நகர்ந்தது. நான் ஸ்டாவ்ரோஸிடம் வேலை பார்த்தவன், என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அரிசி மூட்டை வாங்கி அவள் கட்டிலில் போட்டேன். அவள் எடைக்கு ஈடாக. முதல் நாள் தலைமாட்டில் போட்டேன், பிறகு நடுவில் நகர்த்தினேன். குமிழ் கொஞ்சம் சரியான மாதிரி இருந்தது. ஆனால் அரிசியில் வண்டு விழுந்துவிட்டது. ஜெனோவா லீவுக்கு வந்தவள் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "மட்டம் பார்க்கத்தான் தாயி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. மூட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். மாடிக்கு ஆள் வைக்க வேண்டுமென்று சொன்னது அப்போதுதான். எனக்கும் அது சரியாகப் பட்டது. மனிதர்கள் என்றால் வண்டு விழாது.

முதலில் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு பையனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பையன் வேலை முடிந்து சொல்லாமல் ஏறிவிடுவான். நான் படியடியில் நின்று, "மேலே போனது யார்?" என்று கேட்பேன். "நான்தான் சார், வேற யாரு?" என்பான். அது பதிலா? அவன் மனைவி, "தாத்தா வேவு பாக்காரு" என்று தெருவில் சொன்னாளாம். அடுத்து உப்புக் கம்பெனிக்காரர் ஒருவர். தங்கமானவர், மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி ஏறினார். சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைப்பு! அடுத்து வந்த டீச்சரம்மா, "நான் எங்க போனா உங்களுக்கு என்ன?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

எனக்கு என்ன? எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காகத்தான்.

அவர்கள் போன பிறகும் நான் சொல்லிக்கொண்டுதான் நடக்கிறேன். பதில் வராது, தெரியும். ஆனாலும் சொன்ன பிறகு கொஞ்சம் நிற்கிறேன். ஒரு பழக்கம்.

சரி, பேசிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் மாடியைப் பார்க்க வந்தவர். சாவி கதவிலேயே இருக்கிறது. எனக்கு முட்டி பிடிக்கிறது, ஏற மாட்டேன். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். குமிழைப் பார்க்க வேண்டும். அது அவளுடைய அறைக்கு நேர் மேலே.

போங்கள். விளக்கு சுவிட்ச் வலதுபக்கம்.

…

பெர்பெத்து, ஒருத்தன் மேலே போயிருக்கான். நல்ல பையன் மாதிரித் தெரியுது. தண்ணியக் குடிச்சிட்டு டம்ளர அவனே கழுவி வச்சான்.

முன்னறையில் நடக்கிறான். இப்போது ஜன்னலைத் திறக்கிறான். இப்போது பின்னறை. நின்றுவிட்டான். நான் சொன்ன இடத்தில்தான் நிற்கிறான்.

நகரவில்லை.

குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இது பெரிய வீடு, மெதுவாகத்தான்…

இல்லை. நகரவில்லை.

என்ன? என்னையா கூப்பிட்டீர்கள் தம்பி? சரியாகக் கேட்கவில்லை. படியிலா நிற்கிறீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"கீழே வர்றேன்" என்றா?

இருங்கள். இறங்காதீர்கள், அங்கேயே நில்லுங்கள். ஒரு நிமிஷம். நான் சொல்ல வேண்டும் இல்லையா? நீங்கள் சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? ஸ்டாவ்ரோஸ் சொல்வார். அப்புறம் அவள் சொல்வாள். வருஷக்கணக்காகக் காதால் கேட்ட வார்த்தை. என் வாயால் நான் அதை ஒரு தடவைகூட… இல்லை தம்பி, ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாக்குக்குப் பழக்கமில்லை. யாருக்கும் சொன்னதில்லை. அவள் கோயிலுக்குப் போறேன் என்று வாசலில் நிற்பாள். நிற்பாள், கொஞ்ச நேரம். அப்புறம் போவாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை சொல்லுங்கள், தம்பி. முதலிலிருந்து சொல்லுங்கள்.

எண்டாக்சி.

எண்டாக்சி, அய்யா. இறங்கி வாருங்கள்.